பனி இறங்கும் இடமும் தண்ணீர் நிற்கும் இடமும்

டிசம்பர் கடைசியில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் உறைபனியில் வெள்ளை வெளேர் என்று கிடக்கும் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடும். ‘மினி காஷ்மீர்’ என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். அதே காலையில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியிலும் உருளைக்கிழங்குச் செடிகளின் இலை தொங்கிப்போய்க் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கறுத்துவிடும். அந்தப் படத்தை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த மலையில் எதை எங்கே எப்போது விளைய வைக்கலாம் என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டாவது படம்தான் உதவும்.

நான் கீழே சமவெளியில், காரமடையில் பிறந்து, ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கேத்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று பள்ளத்தில், ஓடையை ஒட்டி. இன்னொன்று வீட்டைச் சுற்றிச் சரிவில், படிப்படியாக வெட்டிய அடுக்குகளில். கீழேயிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டே, “இந்தக் குளிர்ல என்னம்மா விளையும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். வருஷம் பூராவும் விளையும் என்பதுதான் பதில். ஆனால் அதன் சூட்சுமம் இந்த இரண்டு துண்டு நிலத்துக்கும் இடையிலான நூறு நூற்றைம்பது அடி உயரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குளிர்நாடுகளில் பன்னிரண்டு மாதமும் காய்கறி வளர்ப்பவர்கள் எழுதுவதையும் பேசுவதையும் ஆர்வமாகத் தேடிப் படிப்பேன். கண்ணாடிக் கூடு, இரண்டு அடுக்கு பாலித்தீன், வைக்கோல் போர்வை என்று என்னென்னவோ செய்கிறார்கள். கவனித்துப் படித்தால் அவர்களுடைய பெரிய கஷ்டம் குளிரைவிட வெளிச்சம்தான் என்று தெரியும். லண்டனில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால், மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீரைகூட வளர்வதை ஏறத்தாழ நிறுத்திவிடும். அதனால் அவர்கள் குளிர் வருவதற்கு முன்னாலேயே செடியை வளர்த்து முடித்துவிட்டு, குளிர்காலம் முழுக்க அதைச் சாகாமல் காத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துச் சாப்பிடுகிறார்கள்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரை டிகிரிக்குள்தான் இருக்கிறது. டிசம்பரில் மிகக் குறுகிய நாளிலும் பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். ஜூனில் 12¾. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான். மார்கழியில் மதியம் 20 டிகிரி வெயிலில் முட்டைகோஸ் நிம்மதியாக வளரும். பட்டாணி பூக்கும். எங்கள் குளிர்காலம் என்பது பகலுக்குத் தெரியாமல் ராத்திரியில் மட்டும் வந்து போகும் ஒன்று. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, அதுவும் எல்லா ராத்திரியும் இல்லை. சில ராத்திரிகள். அந்தச் சில ராத்திரிகளில், சில இடங்களில் மட்டும்.

எந்த இடங்களில் என்பதுதான் விஷயம். வானம் மேகமில்லாமல், காற்றும் ஓய்ந்திருக்கும் ராத்திரியில் தரை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், அன்று பனி விழாது. தரை குளிர்ந்ததும் அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் காற்று அந்த நேரத்தில் பள்ளத்தில் இருப்பதைவிடச் சூடாக இருக்கும். மலை என்றால் மேலே போகப் போகக் குளிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பனி விழும் ராத்திரியில் பள்ளத்தாக்குக்குள் அது தலைகீழாகிவிடும். ஊட்டியில் குறைந்தபட்சம் 3 டிகிரி என்று செய்தியில் சொல்லும் அன்றும், பள்ளத்துப் புல்லின் நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். வெப்பமானி ஆள் உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது, கீரை தரையோடு இருக்கிறது.

இப்போது தண்ணீரை யோசித்துப் பாருங்கள். அதுவும் சரிவில் வழிந்து அதே பள்ளத்தில்தான் சேருகிறது. ஓடை, கிணறு, ஊற்று, கறுப்பு மண், எல்லாம் அடியில். டிசம்பர் பாதிக்கு மேல் மழை நின்றுவிடும். அப்புறம் ஏப்ரல் வரை வானத்திலிருந்து பெரிதாக எதுவும் வராது. ஆக, பனிமாதங்களில் எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே பனி விழுகிறது. எங்கே பனி விழவில்லையோ அங்கே தண்ணீர் இல்லை. இந்த மலையில் உணவு வளர்க்கும் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் இந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பனி இறங்குமா இறங்காதா என்று சாயங்காலமே சொல்லிவிடும் ஒருவர் எங்கள் பள்ளத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். இந்த மலையின் படுகர் சமூகத்தவர். வயதானவர், நாங்கள் எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து மணி சுமாருக்கு வரப்பில் நின்று தொட்டபெட்டா பக்கம் பார்ப்பார். உச்சியில் மேகம் இருக்கிறதா என்று. அப்புறம் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அடுப்புப் புகை எழும்புவதைப் பார்ப்பார். “பாரும்மா, புகை மேல ஏறல. படுத்துக்கிச்சு. இன்னைக்குப் பனி இறங்கும், மூடிடு” என்பார். புகை கூரைக்குக் கொஞ்சம் மேலே போய், அங்கேயே நின்று, பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு தட்டையான கோடாகப் பரவும். கீழே கனமான காற்று தேங்க ஆரம்பித்துவிட்டது, மேலே சூடான அடுக்கு மூடிபோட்டுவிட்டது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி கிடையாது. வானிலை அறிக்கை மாவட்டத்துக்கு ஒரு எண்ணைத்தான் தரும், புகை எங்கள் பள்ளத்தைப் பற்றியே பேசும்.

மூடுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. பாத்தியின் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, அதன்மேல் கோணிச்சாக்கை விரிக்கவேண்டும். சாக்கு இலையைத் தொடக்கூடாது. தொட்ட இடத்தில் இலை வெந்துவிடும். இருட்டுவதற்கு முன்னால் மூடினால்தான் மண் பகலில் வாங்கிவைத்த சூடு உள்ளே நிற்கும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு டார்ச் லைட்டோடு போய் மூடுவதில் பிரயோஜனம் குறைவு. காலையில் போனால் சாக்கு பலகை மாதிரி விறைத்திருக்கும், மேலே உப்புப் பொடி. உள்ளே லெட்டூஸ் ஈரமாக, மெத்தென்று, ஒன்றும் ஆகாமல் இருக்கும். வெயில் வந்து சாக்கு இளகியதும் எடுத்துவிட வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளை மிலார் கொண்டு மூடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தழையுள்ள சின்னக் கிளைகள். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பூங்காவில் அதிகாலையில் தண்ணீரும் தெளிக்கிறார்கள். பலர் இதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் ஸ்பிரிங்ளரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி சூட்டை விடும். அந்தச் சூடுதான் இலையைக் காக்கிறது. ஆனால் தெளிக்க ஆரம்பித்தால் வெயில் வந்து எல்லாம் இளகும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் மின்சாரம் போய்விட்டால், நனைந்த இலையிலிருந்து ஆவியாகும் தண்ணீர் இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நான் இதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அதைவிட எளிது, பனி வரும் என்று தெரிந்த அன்று மதியமே மண்ணை நன்றாக நனைத்துவிடுவது. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டை வாங்கி வைக்கும், ராத்திரியில் மெதுவாகக் கொடுக்கும். இதே காரணத்தால் பள்ளத்தில் பனிமாதத்தில் வைக்கோல் மூடாக்கு வேண்டாம். மூடாக்கு மண்ணின் சூட்டை மேலே வரவிடாது, இலை இன்னும் குளிர்ந்துவிடும். மூடாக்கைப் போற்றிப் பேசும் பலர் சமவெளி அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள். சரிவு நிலத்தில் மூடாக்குப் போடுங்கள், அங்கே ஈரம் முக்கியம். பள்ளத்தில் மண்ணைத் திறந்து, ஈரமாக வையுங்கள்.

வேலியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சரிவின் குறுக்கே இடைவெளியில்லாமல் அடர்ந்த வேலி வளர்த்தால், இறங்கி வரும் குளிர்காற்று அதில் முட்டி மேல்பக்கம் தேங்கும். வேலிக்கு மேலே இருக்கும் பாத்திகளில் பனி விழும். வேலியில் ஓரிடத்தில் வழி திறந்துவிட்டால் காற்று இறங்கிப் போய்விடும். வெள்ளத்துக்கு மடை திறப்பது நம் எல்லாருக்கும் தெரியும், காற்றுக்கும் அது வேண்டும்.

நீலகிரியில் மூன்று போகம். ஏப்ரல் மழையில் தொடங்குவது கார்போகம், ஆகஸ்ட் செப்டம்பரில் நடுவது கடைபோகம், ஜனவரி பிப்ரவரியில் பாசனத்தை நம்பி நடுவது நீர்போகம். பெயரிலேயே பதில் இருக்கிறது. நீர் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் மூன்றாவது போகம். நீர்போகத்தில் விதைக்கும் உருளைக்கிழங்கு பள்ளத்து நிலத்தில் முளைவிட்டு மேலே வரும்போது கடைசிப் பனிகள் இன்னும் மிச்சம் இருக்கும். ஆகவே அனுபவஸ்தர்கள் முதலில் முட்டைகோஸ், பீட்ரூட், கேரட், பூண்டு, முள்ளங்கி, நூக்கல், டர்னிப் ஆகியவற்றைத்தான் பள்ளத்துக்கு இறக்குவார்கள். இவை பனியைத் தாங்கும். பட்டாணி இலை தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. பீன்ஸும் மேரக்காயும் (சௌசௌ) பூசணியும் ஒரே ராத்திரியில் போய்விடும். உருளைக்கிழங்குச் செடி ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலே அடிபடும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது.

கேரட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த முடியாது. கேத்தி பாலாடா பக்கம் வந்தால் மலையே கேரட் பச்சையாக இருக்கும். தண்ணீர் இருந்தால் எந்த மாதமும் விதைக்கலாம். மூன்றரை நான்கு மாதத்தில் வந்துவிடும், அறுவடைக்கு வந்த பிறகும் குளிர்ந்த மண்ணுக்குள் சில வாரம் பொறுமையாகக் காத்திருக்கும். காரமடையில் எந்தக் காய் இப்படிக் காத்திருக்கும்? வெண்டைக்காயை இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும். குளிர் இங்கே செடிக்கு அவசரமில்லாமல் வாழக் கற்றுக்கொடுத்திருக்கிறது. பனிமாதத்துக் கேரட்டைக் கழுவிக் கடித்துப் பாருங்கள். குளிரைத் தாங்குவதற்காகச் செடி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது, நாக்குக்கு அது உடனே தெரியும். இதையெல்லாம் பிடுங்கி, இயந்திரத்தில் கழுவி, பொழுது விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றுகிறார்கள். நடு இரவில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உறைந்த மண்ணில் கைவைத்துக் கேரட் பிடுங்கும் பெண்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். வெடித்து, மண் ஏறி, கறுத்திருக்கும். சென்னையில் கிலோ என்ன விலை விற்றாலும் அந்த விரல்களுக்குப் போவது நாள்கூலிதான்.

இந்த மலை எப்போதும் இப்படி மூன்று போகம் விளைந்ததில்லை. முன்பு படுகர்கள் ராகி, சாமை, பார்லி, கோதுமை பயிரிட்டார்கள். நிலத்தை மாற்றி மாற்றி உழுதார்கள், உழாத நிலம் தரிசாகக் கிடந்து ஓய்வெடுத்தது. வருஷம் பூராவும் சாப்பாடு என்றால் அறுத்ததைச் சேமித்து வைத்துச் சாப்பிடுவது. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்தார். அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் என்று ஐரோப்பியக் காய்களைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று பூக்களுக்காகக் கூட்டம் கூட்டமாகப் போகும் ஊட்டி தாவரவியல் பூங்காவே 1847-இல் காய்கறித் தோட்டமாகத்தான் ஆரம்பித்தது. ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, நியாயமான விலையில் காய்கறி கிடைக்கவேண்டும் என்று தொடங்கியது. அடுத்த வருஷம் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து மக்ஐவர் என்கிற தோட்டக்கலைஞர் வந்து அதைப் பூங்காவாக மாற்றினார். மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்வேன்.

அந்தக் காய்கள் மலைக்கு ஒத்துப்போயின. பள்ளங்களில் இருந்த சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கினார்கள். மூன்று போகம் அப்படித்தான் வசப்பட்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. சதுப்பு நிலம் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெதுவாக விடும் இடம். அதை வடித்துவிட்டால் மார்ச் மாதம் ஓடை இளைத்துப்போகும். நீர்போகத்துக்காக நிலம் செய்தோம், நீர்போகத்துக்கான நீரைக் குறைத்துக்கொண்டோம்.

இன்னொரு விலை நோய். குளிர்நாடுகளில் பனி மண்ணை மூடி எல்லாவற்றையும் நிறுத்தும்போது பூச்சிக்கும் பூசணத்துக்கும் சேர்த்துத்தான் விடுமுறை. இங்கே எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு சரிவில் உருளைக்கிழங்கு பச்சையாக நிற்கும். ஆகவே பின்பருவ இலைக்கருகல் என்கிற நோய் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தாவிக்கொண்டு வருஷம் முழுக்க உயிரோடு இருக்கிறது. 1840-களில் அயர்லாந்தைப் பட்டினி போட்ட அதே நோய். மூடுபனியும் சாரலும் இலை ஈரமும் அதற்குப் போதும், ஜூலையில் நான்கைந்து நாள் வெயில் வராமல் இருந்தால் வயலே அழுகல் நாற்றம் அடிக்கும்.

மண்ணுக்குள் இருப்பது அதைவிடப் பிடிவாதமானது. 1961-இல் ஊட்டி விஜயநகரம் பகுதியில் ஜோன்ஸ் என்கிற ஆங்கில ஆய்வாளர் உருளைக்கிழங்கின் வேரில் தங்க நிற முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. வேரில் கடுகைவிடச் சின்னதாக, மஞ்சள் மணிகளாக ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணியும் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கிய கூடு. உருளைக்கிழங்கு இல்லாவிட்டாலும் பல வருஷம் மண்ணில் தூங்கும். உருளைக்கிழங்கு வேர் வந்ததும் விழித்துக்கொள்ளும். நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று தடை வந்தது இதனால்தான். முத்தோரையில் 1957 முதல் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதை எதிர்த்து நிற்கும் ரகங்களை உருவாக்கியது. 1985-இல் வந்த குஃப்ரி ஸ்வர்ணா நூற்புழு, இலைக்கருகல் இரண்டையும் தாங்கும். அந்த நிலையத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் ரகம் மட்டும் போதாது. உருளைக்கிழங்குக்குப் பிறகு கேரட், அப்புறம் முட்டைகோஸ், அப்புறம் பூண்டு அல்லது பீன்ஸ் என்று மாற்றிப் போட்டால்தான் புழு பட்டினி கிடக்கும். சந்தையில் கேரட்டுக்கு விலை ஏறினால் கேரட்டுக்கு மேல் கேரட் போடத் தோன்றும். கையில் கடன் இருக்கிறவர்களிடம் மாற்றிப் போடு என்று சொல்வது எளிதில்லை, தெரியும். இருந்தாலும் பன்னிரண்டு மாதமும் விளைய வைக்கிற இடத்தில், ஒவ்வொரு பாத்தியும் வருஷத்தில் ஒரு தடவையாவது வேறு குடும்பத்துச் செடியைப் பார்க்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பாத்தியாவது சும்மா கிடக்கவும் வேண்டும். தாத்தா பள்ளத்து வயலில் எப்போதும் ஒரு மூலையைப் புல்லுக்கு விட்டு வைத்திருப்பார். “அதுவும் வேலைதான் செய்யுது” என்பார்.

பசுமைக்குடில் பற்றிக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். மலையில் குளிர், ஆகவே குடில் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒற்றை பாலித்தீன் குடில் ராத்திரியில் அவ்வளவாக உதவாது. தரை விடும் சூட்டுக்கதிர் பாலித்தீன் வழியாக வெளியே போய்விடும். காற்றும் அசையாமல் உள்ளேயே குளிரும். சில ராத்திரிகளில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிர் அதிகமாகிவிடுவதும் உண்டு. ஒரு கோணிச்சாக்கு செய்கிற வேலையை அது செய்யாது. குடில் நமக்கு உண்மையில் உதவுவது ஜூன் ஜூலை ஆகஸ்டில். தென்மேற்குப் பருவமழையும் காற்றும் லெட்டூஸையும் தக்காளியையும் அடித்து நொறுக்கும் மாதங்கள் அவை. 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு வடகிழக்கு மழைதான் பயம். 2009 நவம்பரில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த ஊரில் குளிரால் போன செடிகளைவிட மழையால் போன மண் அதிகம். ஆகவே குடில் போடுகிறவர்கள் பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் கூரை போட்டால் போதும் என்பேன். இலை நனையாவிட்டால் பாதி நோய் வராது. அடுக்குகளின் விளிம்பில் புல் வளர்த்து மண்ணைக் கட்டுங்கள். செலவில் முதல் பணம் அதற்குப் போகட்டும்.

எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் சரிவுத் தோட்டத்தில் விளைவது எதுவும் மண்டிக்குப் போவதில்லை. இதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. ஊருக்கெல்லாம் காய்கறி அனுப்பும் மலையில், பல வீடுகளில் கேரட்டையும் முட்டைகோஸையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கடையில் வாங்குகிறார்கள். அத்தை, அதாவது என் மாமியார், இருந்தவரை அந்த நிலை எங்கள் வீட்டுக்கு வரவிடவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன மரத்தக்காளி இன்னும் காய்க்கிறது. சாதாரணத் தக்காளி நின்றுபோகும் மாதங்களில் அதைச் சுட்டு, தோலை உரித்து, பச்சைமிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த சட்னிதான் எங்களுக்கு. சமையலறைத் தகரக் கூரைமேல் மேரக்காய்க் கொடி. அது சரிவில் இருப்பதால் பனியில் நுனி மட்டும் கருகும். பள்ளத்தில் வைத்தவர்களுக்குக் கொடி முழுக்கப் போய்விடும், கிழங்கிலிருந்து மறுபடி மழைக்குத் துளிர்க்கும். அவரை, கேல் கீரை, பாலக், மணத்தக்காளி, கொத்தமல்லி, கொஞ்சம் பட்டாணி. சில்வர் ஓக் மர நிழலின் ஓரத்தில் ஒரு பாத்தி. மரத்தடியில் பனி விழுவதில்லை என்பதால் பனிமாதத்தில் கீரை விதைக்க அதுதான் இடம்.

பூண்டை கார்போகத்திலும் நடுவோம், அக்டோபர் நவம்பரிலும் நடுவோம். பிடுங்கித் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டால் புகையில் காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும். தோல் கொஞ்சம் பழுப்பேறும், உரித்தால் உள்ளே பல் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். விதைக்கென்று பெரிய பல் உள்ள கட்டிகளை அத்தை தனியாக ஒரு ஆணியில் மாட்டிவைப்பார், அதைச் சமையலுக்குத் தொட விடமாட்டார். நானும் அப்படித்தான் செய்கிறேன். உருளைக்கிழங்குக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். இருட்டான, காற்றோட்டமான மூலை போதும். ரொம்பக் குளிர்ந்தால் கிழங்கு இனித்துவிடும், பொரிக்கும்போது கறுக்கும். மலை மண் புளிப்பு, அதனால் அடுப்புச் சாம்பலை வீணாக்காமல் பாத்திக்குப் போட்டுவிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடியும். முட்டைகோஸ் வேரில் முடிச்சு விழுவதைக் கட்டுப்படுத்த அது மிகவும் உதவும்.

சரி, சரிவில் பனி இல்லை, தண்ணீருக்கு என்ன வழி? கூரைதான். 500 சதுர அடித் தகரக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 450 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அக்டோபர் நவம்பர் மழையில் 10,000 லிட்டர்த் தொட்டியை நிரப்புவது இங்கே கஷ்டமே இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் அது 100 நாளைக்கு வரும். ஜனவரி முதல் தேதி ஆரம்பித்தால் ஏப்ரல் கோடைமழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். மோட்டார் வைத்துப் பள்ளத்திலிருந்து தண்ணீரை ஏற்றுவதைவிட, மேலேயிருந்து வரும் தண்ணீரை மேலேயே நிறுத்திக்கொள்வது மலையில் நியாயமான வழி. வீடு கட்ட மானியம் கொடுக்கும்போதே கூரைக்கு வாய்க்காலும் ஒரு தொட்டியும் சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்போகம் உண்டு. இதைக் கிராமசபையில் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

காட்டெருமையையும் முள்ளம்பன்றியையும் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும். பனிக்குத் தப்பிய கோஸ் காட்டெருமைக்குப் போகும், மண்ணுக்குள் இருக்கும் கேரட் முள்ளம்பன்றிக்கு. வறட்சி மாதங்களில் பச்சை இருக்கிற ஒரே இடம் நம் தோட்டம் என்றால் அவை வேறெங்கே போகும். வீட்டுச் சுவரை ஒட்டிய அடுக்குகளில் கீரையை வைத்தால் ஓரளவு தப்பும்.

மலையில் புதிதாக நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ தோட்டம் போட நினைப்பவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விதை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டிசம்பரிலோ ஜனவரியிலோ புகை படுத்துக்கொண்ட ஒரு ராத்திரிக்கு மறுநாள், வெயில் வருவதற்குள் நிலத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி நடந்து போங்கள். புல்லின் மேல் வெள்ளை எங்கே நின்றுபோகிறதோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். பக்கவாட்டில் நடந்து இன்னும் சில குச்சிகள். அது நேர்கோடாக இருக்காது. மரத்தடியில் கீழே இறங்கும், வேலிக்குப் பின்னால் மேலே ஏறும், பாறை இருக்கும் இடத்தில் வளையும். அடுத்த பனிக்கும் நடந்து பாருங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை கோஸ், கேரட், பூண்டு, பீட்ரூட். பீன்ஸும் மேரக்காயும் மரத்தக்காளியும் கோட்டுக்கு மேலே, தொட்டிக்குப் பக்கத்தில். மார்ச் பிறந்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிடலாம், பீன்ஸைப் பள்ளத்துக்கு இறக்கலாம்.